ஆறு வாரத்துக்கு ஆறு பை

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் அழவில்லை. அதற்கு அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கண் கலங்கியது. "ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் ஃபுல் ரெஸ்ட். குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, கிச்சன் பக்கமே போகக் கூடாது." இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படியொரு பரிசை எனக்கு யாரும் தந்ததில்லை. அதற்கு ஓர் உறுப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரின் முகமும் வாடிப்போனது. எனக்காகத்தான் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டரைப் பார்த்து, "அப்ப சாப்பாட்டுக்கு?" என்றார். ஆபரேஷனைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு பார்க்கிறவர். எந்த அலமாரியில் எந்த போல்ட் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் என்னைப் பார்ப்பார். ஹோட்டல் சாப்பாடு அவருக்கு நெஞ்செரிச்சல். சமையலுக்கு ஆள் வைத்தால் அந்தம்மாவின் கைமணம் ஒத்துக்கொள்ளாது. மகளை வரச் சொல்லலாம் என்றால் அவள் வேலூரில் படிக்கிறாள், பரீட்சை நேரம். ஆக, படுக்கப்போகிற நோயாளியேதான் ஆறு வாரத்துக்கும் சமைத்து வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

எங்கள் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் ஓர் ஐஸ் தட்டும் போன கிறிஸ்துமஸிலிருந்து அடையாளம் தெரியாத ஒரு மீனும்தான் இருக்கும். அது போதாது. ஜீவனஹள்ளியில் ஒரு பேக்கரியை மூடுகிறார்கள், அங்கே மேலே மூடி திறக்கிற பெரிய ஃப்ரீசர் ஒன்று கிடைக்கும் என்று தெரிந்து போய்ப் பார்த்தோம். கடைக்காரர் அதைத் தட்டிக்காட்டி, "சூப்பராகிதெ மேடம், ஒந்து தினானு கெட்டில்லா" என்றார். ஒருநாள்கூடக் கெட்டதில்லையாம். மூடியின்மேல் பாதி உரிந்த ஐஸ்கிரீம் படம் ஒட்டியிருந்தது. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு சொத்து வந்தது போலக் குஷியாக இருந்தது.

இந்த வகை ஃப்ரீசரில் ஒரு சிக்கல் உண்டு. கிணறு மாதிரி ஆழம். அடியில் போனது போனதுதான். கோழியைத் தேடினால் கொத்தமல்லி கிடைக்கும், அதற்குள் விரல் மரத்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு நாள் யோசித்தேன். ஜவுளிக்கடையில் புடவை எடுத்தால் கொடுப்பார்களே கட்டைப்பை, அது நம் வீடுகளில் எதற்குப் பஞ்சமானாலும் பஞ்சமாகாது. ஆறு நிறத்தில் ஆறு பை எடுத்தேன். வாரத்துக்கு ஒரு பை. ஆறாவது வாரத்தின் சிவப்புப் பை அடியில், முதல் வாரத்தின் மஞ்சள் பை மேலே. மஞ்சள் காலியானால் கைப்பிடியைப் பிடித்து அடுத்ததைத் தூக்க வேண்டியதுதான். தேடவும் வேண்டாம், துழாவவும் வேண்டாம்.

குழம்பை டப்பாவில் ஊற்றி வைத்தால் இடத்தை அடைக்கும். நன்றாக ஆறவிட்டு, ஜிப் வைத்த கவரில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி, தட்டையாகப் படுக்கவைத்து உறையவைத்தால் பிறகு நோட்டுப் புத்தகம் போல அடுக்கலாம். உருளைக்கிழங்கு போடக் கூடாது, உறைந்து உருகினால் மணல் மணலாகிவிடும். அவித்த முட்டை ரப்பராகிவிடும். துருவிய தேங்காயும் தட்டையாகத்தான். இஞ்சி பூண்டு விழுது ஐஸ் தட்டில். சப்பாத்தியை அரை வேக்காட்டில் எடுத்து நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்க வேண்டும். மூன்று வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே வேலை. பெப்பர் மட்டன், மீன் குழம்பு, பன்றிக்கறி வறுவல், கோழிக் குருமா, பருப்பு, சாம்பார், ரசத்துக்குக் கெட்டிக் கரைசல். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று, பைக்குப் பதினான்கு பாக்கெட். ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, வாரம். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறவளுக்கு வயிற்று வலியோடு இத்தனை சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? ஆறு வாரம் படுக்கலாம் என்றால் மூன்று வாரம் சாகலாம் என்று நினைக்கிற ஜாதி நான்.

என் கணவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, எண்பத்து நான்கு பாக்கெட்டையும் வரிசையாக எழுதி, மூடிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. ஒன்றை எடுத்தால் ஒரு டிக். "முதல்ல வெச்சது முதல்ல வெளிய வரணும், அதான் சிஸ்டம்" என்று எனக்கே வகுப்பு எடுத்தார்.

"பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. அதுக்கு மேல தொடக் கூடாது. புரியுதாங்க?" என்றேன்.

"ஏம்மா, நான் என்ன சின்னக் குழந்தையா? ஃபேக்டரி ஸ்டோர்ஸே என் கையில இருக்குது" என்றார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. நான்காவது நாள் வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஒத்தாசைக்கென்று ஜீவனஹள்ளியிலிருந்து என் கணவரின் அக்கா வந்து சேர்ந்தார்கள். தனியாக இருப்பவர்கள், எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நிம்மதியா படு. நான் பாத்துக்கறேன்" என்றார்கள். பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள்.

அன்று சாயங்காலமே பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் பெண்கள் ஐக்கியத்தில் பதினோரு பேரும் ஜெபம் பண்ண வந்துவிட்டார்கள். நோயாளியை விசாரிக்க வருவது எங்கள் சபையில் ஒரு கடமை. வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது பெரிய மானக்கேடு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல வழக்கம்தான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அறுவைசிகிச்சை ஆன ஒருத்தி படுக்கையில் கிடக்க வேண்டியிருக்கிறது. நான் பிறந்த கோலார் தங்கவயலில் யாராவது படுத்தால் அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவருவார்கள், கூடவே வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் கணக்கெடுத்துக்கொண்டும் போவார்கள். இங்கே பெங்களூரில் ஆப்பிள் கொண்டுவருகிறார்கள். சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, ஆமென் சொல்லி வாய் மூடவில்லை. ஹாலிலிருந்து என் கணவரின் குரல் கணீரென்று கேட்டது. "பாஸ்டர், சாப்பிட்டுத்தான் போகணும். எல்லாம் ரெடியா இருக்குது. சுட வெச்சா போதும்!"

ஃப்ரீசர் மூடி திறக்கிற சத்தம் எனக்குப் படுக்கையிலிருந்து தெளிவாகக் கேட்கும். டப். மறுபடி டப். அன்று நான்கு டப் எண்ணினேன்.

பழி முழுவதையும் அவர்மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். பாஸ்டரம்மா கையில் தட்டோடு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "சிஸ்டர், படுத்துக்கினே இத்தனை பேருக்கு விருந்து வெச்சிட்டீங்களே! இந்தக் கோழி என்னா டேஸ்ட்!" என்றார். "அது என் நாலாவது நாள் ராத்திரிச் சாப்பாடும்மா, வெச்சிட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டியவள் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க பாஸ்டரம்மா. அக்கா! அந்தப் பச்சைப் பையில பெப்பர் மட்டன் இருக்குது பாருங்க, அதைச் சூடு பண்ணுங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். பச்சை நான்காவது வாரம். தையல் விண்ணென்று இழுத்தது. ஒரு பாராட்டுக்கு ஒரு வாரத்தை விற்ற வாய் இது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது!

அதற்குப் பிறகு அணை உடைந்துவிட்டது. சனிக்கிழமை பீன்யாவிலிருந்து அவர் கூட வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள், ஒன்பது பேர். எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். சபைப் பாடகர் குழு வந்து, கொஞ்சமாகப் பாடிவிட்டு நிறையச் சாப்பிட்டது. எல்லோரும் ஆப்பிள் கொண்டுவந்தார்கள். நோயாளி என்றால் ஆப்பிள்தான் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை. மேஜைமேல் ஆப்பிள், ஷோகேஸில் ஆப்பிள், துணி மடித்து வைக்கிற நாற்காலியில் ஆப்பிள். என் கணவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். "பாருங்க, வாரத்துக்கு ஒரு பை. இவ ஐடியாதான். ஷீட் மட்டும் என்னது." எல்லோரும் எட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களுக்கு ஒரு பாக்கெட் சூடாகும்.

இதில் நான் என்ன சாப்பிட்டேன் என்றுதானே கேட்க வேண்டும்? கஞ்சி. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "உனக்கு இப்ப காரம் ஆகாது. எண்ணெ ஆகாது. மாமிசம் செரிக்காது." டாக்டரம்மா அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் கஞ்சி குடிக்கும்போது ஹாலில் எலும்பு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். நான் சமைத்த எண்பத்து நான்கில் ஒன்றுகூட என் நாக்கில் படவில்லை.

வீடு வந்த பதின்மூன்றாவது நாள் என் கணவர் அந்தத் தாளைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? எண்பத்து நாலுக்கும் டிக். ஒண்ணு கூட வேஸ்ட் ஆகல. ஒண்ணு கூடக் கெட்டுப்போகல."

"ஏங்க, ஆறு வாரத்து ஸ்டாக் ரெண்டு வாரத்துல தீந்துபோச்சுன்னா உங்க ஃபேக்டரியில அதுக்கு என்ன பேரு?"

கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "டிமாண்ட் ஜாஸ்தி" என்றார்.

தையல் போட்டிருக்கும்போது சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது. நான் அழுதேன். மூன்று வாரம் இடுப்பொடிய நின்று சேர்த்தது சாப்பாடு இல்லை, படுக்கை. அதை ஊரார் தட்டில் வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று ஆத்திரமாக வந்தது. அவர் பயந்துபோய் ஓர் ஆப்பிளை நறுக்கிக் கொண்டுவந்தார்.

அன்று மத்தியானமே அக்கா பையைக் கட்டிவிட்டார்கள். "எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சும்மா. ரெண்டு நாள் வீட்டுல படுத்துட்டு வரேன்." ஃப்ரீசர் காலியானதற்கும் இடுப்புப் பிடித்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைப்பது பாவம். நினைத்தேன்.

அடுத்த மூன்று நாள் பிரெட்டும் ஆப்பிளும் சாப்பிட்டோம். நான்காவது நாள் இவர் சமைக்கத் துணிந்தார். சோறு வைத்தார், வந்ததைச் சோற்றில் சேர்ப்பதா கஞ்சியில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு தட்டில் வெங்காயமும் கத்தியும் எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி என் கட்டிலுக்கு வந்தார். "குனியக் கூடாது, தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. படுக்கையிலயே உக்காந்து நறுக்கலாமில்ல?"

நறுக்கினேன். மறுநாள், "நீ சும்மா பக்கத்துல நின்னு சொல்லு, நான் செய்றேன்" என்றார். நின்றேன். அவர் கடுகைத் தாளிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றதில் பொறுமை போய், கரண்டியை வாங்கிக்கொண்டேன். ரசம் கொதிக்கிறதற்குள் அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். இதே ஆபரேஷன். மூன்றாவது வாரம் கல்யாண வீட்டுக்கு மாவரைக்கப் போய், தையல் விட்டு, மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்த வீட்டில் இருந்தால் நானும் அங்கேதான் போய்ச் சேருவேன்.

அடுப்பை அணைத்தேன். "ஏங்க, அக்காவுக்கு இடுப்பு வலியாச்சே. நாம ஒரு எட்டு போய் விசாரிச்சிட்டு வர வேணாமா? பக்கத்துல போய் வரலாம்னு டாக்டர்தான் சொல்லிட்டாங்களே" என்றேன்.

"உனக்கு எவ்ளோ நல்ல மனசு!" என்று நெகிழ்ந்துபோனார்.

பெரிய பையில் ஆப்பிள் எடுத்துக்கொண்டோம். வழி நெடுக, "நிதானா ஹோகண்ணா, ஹம்ப் இதெ" என்று ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீவனஹள்ளி போய்ச் சேர்ந்தேன். அக்கா கதவைத் திறந்தார்கள். கையில் கரண்டி. இடுப்பு வலிக்கிறவர் மாதிரி நடக்கவில்லை. உள்ளே வாசனை வந்தது. மிளகும் சோம்பும் சேர்த்து நான் வறுத்து அரைக்கிற வாசனை எனக்குத் தெரியாதா?

என் கணவர்தான், அக்காவுக்கு எதற்குச் சிரமம் என்று, தானே ஐஸ் தண்ணீர் எடுக்கப் போய் ஃப்ரீசரைத் திறந்தார்.

"அட, நம்ம பை!"

சிவப்புப் பை. ஆறாவது வாரம். கைப்பிடியோடு, என் கையெழுத்தோடு. இவர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இதுக்கெல்லாம் நான் டிக் போட்டுட்டேனே அக்கா! தீந்துபோச்சுன்னு நீதானே சொன்னே? ஷீட் தப்பாயிடுச்சே!" அவருக்கு வந்த துக்கம் அது.

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "ஆமாடா தம்பி, எடுத்தாந்தேன். அங்க இருந்தா அதையும் எவனுக்காவது போட்டிருப்பே. ஆளுங்க வந்துட்டா உனக்குத் தலகால் புரியுதா? இவளுக்கும் வாய் சும்மா இருக்குதா? இவளுக்குன்னு ஒரு வாரமாவது மிஞ்சட்டும்னுதான் தூக்கியாந்தேன்."

பதினான்கு பாக்கெட்டில் பதினொன்று மிச்சம் இருந்தது. மூன்று எங்கே என்று கேட்கவில்லை, காவலுக்குக் கூலியாக இருக்கும். அவர்கள் சொன்னது நிஜமா, பிடிபட்டதும் சட்டென்று வாயில் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்புவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என்னை நாற்காலியில் உட்கார்த்தினார்கள். "எந்திரிக்காத. தட்டு இங்கயே வரும்."

வந்தது. ஆவி பறக்கிற சோறு, மேலே என் பெப்பர் மட்டன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சமைத்ததை நான் சூடாகச் சாப்பிட்டது கிடையாது. எல்லோருக்கும் போட்டுவிட்டு, ஆறிப்போனதை, சட்டியில் ஒட்டியதை, கடைசியில் நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் என் சமையலின் ருசி என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் இன்னொருவர் பரிமாற, உட்கார்ந்து, முழுசாகச் சாப்பிட்டேன். தண்ணீர் கொண்டு வா என்று யாரும் கூப்பிடவில்லை. அழுகை வந்தது, மறைக்கவில்லை. எவ்வளவு நல்ல கறியை இத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்!

பாதியில் ஒன்று தட்டுப்பட்டது. "அக்கா, உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குதில்ல?"

"எப்பவுமே கம்மிதான். உன்கிட்ட யாரு சொல்றது?" என்றபடி இன்னொரு கரண்டி சோறு வைத்தார்கள்.

இவர் கையைக் கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டப் போனார். "கிளம்பலாமா? இருட்டறதுக்குள்ள ஆட்டோ புடிக்கணும்."

"நீங்க கிளம்புங்க. பதினோரு பாக்கெட் இருக்குது. தீர்ற வரைக்கும் நான் இங்கதான். அதுக்கப்புறமும் அக்கா இடுப்பு எப்படி இருக்குதோ, பாத்துட்டுத்தான் சொல்லணும். வலியில இருக்கறவங்களத் தனியா விட்டுட்டு வர்றது நல்லாவா இருக்கும்?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள். இடுப்பு வலி அவர்கள் சொன்னதுதானே.

இவர் வாசலில் ஒரு செருப்போடு நின்று அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டாக்டரிடம் கேட்ட அதே குரல்.

"அப்ப சாப்பாட்டுக்கு?"

காலடியில் இருந்த பையை அவர் பக்கம் தள்ளினேன். கொண்டுவந்த ஆப்பிள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.